நான்காம் அத்தியாயம் எந்தத் துறைக்கு?

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே தூறல். குடைக்கம்பி ஒன்று கழன்றுவிட்டது. கல்லூரிக்குள் நுழைவதற்குள் இடது தோள் முழுக்க ஈரம்.

இன்குபேட்டரில் போன வாரம் வைத்த முட்டைகளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட ரத்தக் குழாய் ஓடவில்லை. அத்தனையும் வெறும் முட்டை. கல்லிடைக்குறிச்சிப் பண்ணைக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, சேவலோட நின்ன கோழி முட்டைதான் வேணும்னு சொன்னேன்லா?"

"முட்டை நல்லாத்தான டீச்சர் இருந்துச்சு? பெரிய முட்டையாப் பாத்துல்லா எடுத்துக் குடுத்தேன்."

"எனக்குப் பொரிச்சுத் திங்க இல்ல. உள்ள குஞ்சு வளரணும்."

"அப்பம் அதை மொதல்லயே சொல்லணும்லா."

மொதல்லயே சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். சனிக்கிழமை நல்ல முட்டை தருகிறாராம்.

ஸ்டீபன் சார் கூப்பிட்டார். என் பிஎச்.டி. ஆய்வேட்டுக்கு வழிகாட்டி. வரும் மே மாதம் ஓய்வு; அதனால் இப்போது எதிலும் வம்பு வேண்டாம் என்ற மனநிலை.

"ரஹ்மத், அந்த நாலாவது அத்தியாயத்தைத் தூக்கிரும்மா. நாம விலங்கியல். நரம்போட நிப்போம். வெள்ளணு, வீக்கம், காய்ச்சல் எல்லாம் மேல்மாடி நுண்ணுயிரியல் சமாச்சாரம். வியாழக்கிழமை ஆய்வுக் குழுவுல அந்தத் துறை மேடம் எதையாவது கேட்டா யாரு பதில் சொல்லுவா?"

"நான் சொல்லுவேன் சார்."

"நீ சொல்லுவ. அதான் எனக்குப் பயம்."

எத்தனை தடவை விளக்குவது? வளரும் நரம்பின் நுனி விரித்த கை மாதிரி இருக்கும். தடவித் தடவி வழி தேடிப் போகும். செமாஃபோரின் என்ற புரதம் பட்டதும் விரல்களை மடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பும். 'இங்கே வராதே' என்று நரம்புக்குச் சொல்லும் புரதம். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி வெள்ளணுக்களின் மேலும் இருக்கிறது. கிருமியைத் தேடி ஓடும் வெள்ளணுவையும் அது நிறுத்துகிறது. இதே குடும்பத்தில் வேறு சில புரதங்கள் வெள்ளணுவைக் கிளப்பியும் விடுகின்றன. என் நான்காம் அத்தியாயம் இதைப் பற்றித்தான். கோழிக்குஞ்சின் நரம்பு, கோழிக்குஞ்சின் வெள்ளணு, இரண்டுக்கும் ஒரே புரதம்.

புரதத்துக்குத் துறை கிடையாது. நமக்குத்தான் நடுவில் மாடிப்படி.

நவ. 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். மூன்றாம் ஆண்டு வகுப்பில் பாதிப் பேர் தூக்கம்.

வாங்க வேண்டியவை: கையுறை, மெல்லிய இடுக்கி (பழையதன் முனை வளைந்துவிட்டது), குடைக்கம்பி, பால்.

நாளைய பேச்சுக்குப் படங்களைச் சரி செய்தேன். நான்காம் அத்தியாயத்தை எடுக்கவில்லை. சாரிடம் சொல்லவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் என் அக்கா ஜன்னத் லாத்தா தையல் மெஷினை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். உட்காரவே மாட்டாள். அவள் கணவர், என் மச்சான், சவுதியில் தம்மாமில்; வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு கை மணிக்கட்டும் வீங்கியிருந்தன, விரல்கள் மடங்கவில்லை. முடக்குவாதம் வந்து சில வருடம் ஆகிறது. மாத்திரையில் நன்றாகத்தான் இருந்தாள்.

"என்ன லாத்தா, வலி கூடிட்டா?"

"ஒண்ணுமில்ல. குளிருக்கு."

கையிலிருந்து ஏதோ எண்ணெய் வாடை. பூண்டும் கற்பூரமும் கலந்த மாதிரி. என்ன எண்ணெய் என்றேன். "சும்மா" என்றாள். நாளைய படங்களில் இன்னும் சில பாக்கி இருந்தன. விட்டுவிட்டேன்.

நவ. 6, வியாழன்

குழுக் கூட்டம். எழுதவே எரிகிறது.

முதல் மூன்று அத்தியாயமும் சுமுகம். நான்காவது படம் திரையில் வந்ததும் ஸ்.சார் என்னைப் பார்த்த பார்வை! மீனாட்சி மேடம், நுண்ணுயிரியல் துறைத் தலைவர், அதுவரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், மாட்டிக்கொண்டார்.

"குப்பியில செமாஃபோரின் மட்டும்தான் இருக்குன்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"விற்ற கம்பெனி சான்றிதழ் குடுத்திருக்கு மேடம்."

"நீங்க திறந்து, கரைச்சு, பிரிச்சு வச்ச பிறகு அவங்க சான்றிதழ் செல்லுமா? பாக்டீரியா தோலோட நச்சு இம்மி அளவு கலந்திருந்தாப் போதும், வெள்ளணு ஓட்டம் மாறிரும். நரம்பு கண்டுக்காது. வெள்ளணு கண்டுபிடிச்சிரும், அதுக்கு வேலையே அதான். அப்போ நீங்க பாத்தது செமாஃபோரினையா, அழுக்கையா?"

படத்தைப் பின்னால் தள்ளினேன், முன்னால் தள்ளினேன். மைக் மட்டும் கொய்ங் என்றது.

ஸ்.சார் முந்திக்கொண்டார். "அந்த அத்தியாயத்தை எடுத்துருதோம் மேடம். பிரச்சினையே இல்ல."

"எடுக்கச் சொல்லலியே. நிரூபிக்கத்தான சொல்லுதேன்."

மாதக் கடைசிக்குள் நிரூபிக்க வேண்டும். டிசம்பரோடு என் பதிவுக்காலம் முடிகிறது, இனி நீட்டிப்பு கிடையாது. ஃப்ரீசரில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு குட்டிக் குப்பி.

படியிறங்கும்போது சார், "நான் சொன்னேன்லா?" என்றார். ஆமாம், சொன்னார். ஆனால் அவர் சொன்ன காரணம் தப்பு. மேடம் சொன்ன காரணம் சரி. அதுதான் தாங்க முடியவில்லை. ஆறு வருடமாக நரம்பு மட்டுமே பார்த்த கண்ணுக்கு இது தோன்றவே இல்லை.

நவ. 7, வெள்ளி

வழி இருக்கிறது. குப்பியில் இருப்பதில் பாதியைக் கொதிக்க வைக்க வேண்டும். கொதித்தால் புரதம் செத்துவிடும். பாக்டீரியா நச்சு லேசில் சாகாது. கொதித்த பிறகும் வெள்ளணு நின்றால் நான் இத்தனை நாள் பார்த்தது அழுக்கு. ஓடினால் செமாஃபோரின்.

இவ்வளவு எளிது. ஆனால் இருப்பதில் பாதியை நானே கொல்ல வேண்டும், மிச்சப் பாதி ஒரே ஒரு சோதனைக்குத்தான் போதும். கை தவறினால் கதை முடிந்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "ம்" என்றார். ஒரே ஒரு 'ம்'.

நவ. 8, சனி

பண்ணையிலிருந்து முட்டை வாங்கி வந்தேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. பெட்டியை மடியில் வாங்கிக்கொண்ட அம்மா கேட்டார், "அவிச்சதா, பச்சையா?" பச்சை என்றேன். "அப்பம் பைய நில்லுங்க, என் சேலை போயிரும்." கல்லூரிக்குப் போய் இன்குபேட்டரில் அடுக்கிவிட்டு மதியம் வீடு.

லாத்தாவால் தட்டைத் தூக்க முடியவில்லை. தலைவலித் தைலம் தேடி அவள் அலமாரியைத் திறந்தேன். வாரம் ஒருமுறை போடும் மாத்திரை அட்டைகள். தீபாவளிக்கு முன் நான் வாங்கி வந்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"இது என்ன லாத்தா?"

"இனி அது வேண்டாம்."

"யாரு சொன்னா?"

"பேட்டையில ஒருத்தர் இருக்காரு. பட்டறைக்கு மேல மாடியில. நரம்பு பாக்குதவரு. நரம்பு சுருண்டு கெடக்காம். தடவி எடுத்துருதேன்னாரு. இந்த மாத்திரை நரம்பைச் சுட்டுருமாம்."

"ஒனக்கு நரம்பு வியாதின்னு எவன் சொன்னான்?"

"நீதானளா சொன்ன!"

நானா!

யோசித்துப் பார்த்தால், ஆமாம். பெருநாள் துணி தைத்துக்கொண்டிருந்தபோது அவளிடம் ஆசையாகச் சொன்னேன். உன் மூட்டு மாதிரி வீங்கிய இடத்தில் இந்தச் செமாஃபோரின்கள் ஏறுமாறாகிவிடும், அங்கே இருந்த சில நரம்பு இழைகள்கூட விலகிப் போய்விடும், நான் பார்க்கும் புரதமும் உன் மூட்டும் ஒரே கதை என்று. அவள் காதில் விழுந்தது 'நரம்பு'. அதைப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீடு பேட்டைக்கு வழி காட்டியிருக்கிறது.

கத்தினேன். அவளும் கத்தினாள்.

"நான் சொன்னது வெள்ளணுவையும் சேர்த்து! ஒன் ஒடம்புக் காவக்காரனே ஒன் மூட்டை அடிக்கான். அவனை அடக்கத்தான் மாத்திரை!"

"நீ ஒரு நாள் நரம்புங்க, ஒரு நாள் ரத்தமுங்க, ஒரு நாள் ரெண்டும் ஒண்ணுங்க. எனக்கு எதுளா வெளங்கும்?"

கல்லூரியில் ஸ்டீபன் சார், வீட்டில் இவள். இரண்டு பேருக்கும் நரம்பு மட்டும் போதும்.

சோறு ஆறிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

நவ. 10, திங்கள்

நேற்று முழுக்க லாத்தாவுக்குக் காய்ச்சல். முழங்காலும் வீங்கிவிட்டது. ஓதி முடித்து எழுந்திருக்க முடியாமல் என் தோளைப் பிடித்தாள். இன்று லீவு போட்டுவிட்டு மூட்டு டாக்டரிடம். ஆட்டோக்காரர் ஒவ்வொரு பள்ளத்தையும் தேடித் தேடி இறக்கினார்.

டாக்டர் சின்னப் பெண். முழங்காலை அமுக்கியதும் லாத்தா "யா அல்லாஹ்!" என்றாள்.

"மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?"

லாத்தா என்னைக் கை காட்டினாள். "என் தங்கச்சி. டாக்டருக்குப் படிக்கா. இது நரம்புலேர்ந்து வாரதுன்னு அவதான் சொன்னா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? அந்த டாக்டர் வேறு, இந்த டாக்டர் வேறு என்றா? செமாஃபோரின் என்று ஆரம்பித்தேன். வெளியே வரிசை. டாக்டர் கையை உயர்த்தினார்.

"மேடம், நீங்க சொல்றது ஆராய்ச்சிக்கு சரியா இருக்கலாம். இவங்களுக்கு இன்னைக்கு வீக்கத்தை இறக்கணும். இப்படியே விட்டா மூட்டு அரிச்சிரும். அரிச்சது திரும்பாது."

கொஞ்ச நாளைக்கு வேறொரு மாத்திரை, கூடவே பழைய மாத்திரை மறுபடியும். ரத்தம் எடுத்தார்கள்.

திரும்பும்போதும் ஆட்டோ. கொக்கிரகுளம் பாலத்தில் ஆறு செம்மண்ணாகப் போய்க்கொண்டிருந்தது. கரையில் நின்று பார்க்க ஒரு கூட்டம். லாத்தா மட்டும் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிச்சது திரும்பாது என்றது எனக்கே இன்னும் காதில் கேட்கிறது.

நவ. 12, புதன்

அடை மழை. காலையில் கல்லூரி டிரான்ஸ்பார்மர் பட்டென்று போய்விட்டது. என் இன்குபேட்டர் ஆறிக்கொண்டிருக்கிறது. முட்டைக்குள் குஞ்சுகள், நான்கு நாள் கரு, இதயம் துடிப்பது விளக்கில் தெரிகிறது.

மின்வாரியம்: "ஆளு வந்துட்டு இருக்காங்க." எங்கேயிருந்து என்று கேட்டேன். போன் வைத்துவிட்டார்கள்.

ஸ்.சார்: "இது தெய்வச் சித்தமா இருக்கலாம் ரஹ்மத். மூணு அத்தியாயம் போதும்னு."

வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் எனக்கு வழிகாட்டி இல்லாமல் போயிருக்கும்.

ஜெனரேட்டர் இணைப்பு இருப்பது மேல்மாடியில் மட்டும். நுண்ணுயிரியல். முட்டைகளை என் துப்பட்டாவில் சுற்றி, கூடையில் வைத்து ஏறினேன். மீனாட்சி மேடம் கூடையை எட்டிப் பார்த்தார்.

"இதை என் இன்குபேட்டர்ல வைக்கணுமா? அங்கன பூராவும் பாக்டீரியாத் தட்டுல்லா இருக்கு."

"ரெண்டு மணி நேரத்துல செத்துரும் மேடம்."

அவர் எழுந்தார். முணுமுணுத்துக்கொண்டே ஒரு தட்டு முழுவதையும் காலி செய்தார். ஸ்பிரிட் போட்டு அவரே துடைத்தார். "முட்டை உடைஞ்சு நாறிச்சுன்னா நீங்கதான் கழுவணும்" என்றார். முட்டைகளை ஒவ்வொன்றாக அவரே எடுத்து வைத்தார், கூர்முனை கீழே இருக்கும்படி. கரு வளரும் முட்டையை அப்படித்தான் வைக்க வேண்டும்; அது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மின்சாரம் சாயங்காலம் வந்தது. முட்டைகளை அங்கேயே விட்டுவிட்டேன். அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

வீட்டில்: லாத்தா மாத்திரை போட்டாளா என்று கேட்டேன். அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

நவ. 16, ஞாயிறு

வெயில். கல்லூரியில் நானும் வாட்ச்மேனும் மட்டும் என்று நினைத்தேன். மேடம் வந்திருந்தார், வீட்டுச் சேலையில், டிபன் டப்பாவோடு.

கருக்களை எடுத்து முதுகுத்தண்டின் ஓரத்திலிருந்து நரம்பு முடிச்சுகளைப் பிரித்தேன். கடுகில் பாதி இருக்கும். புது இடுக்கி நன்றாகப் பிடிக்கிறது. வெள்ளணு எடுக்க வளர்ந்த குஞ்சின் ரத்தம். அதைப் பிரித்துக் கொடுத்தது மேடம். என்னைவிடச் சுத்தமான கை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

குப்பியில் இருந்ததை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி கொதிநீரில். மூடி குதித்து ஆடியதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தட்டுல ஒட்டுன சீட்டை நான் மறைச்சிருவேன். எது கொதிச்சது, எது கொதிக்காததுன்னு நீங்க பாக்கக் கூடாது" என்றார் மேடம்.

"என்மேல நம்பிக்கை இல்லையா மேடம்?"

"எனக்கு என்மேலயே கிடையாது. எண்ணுதது நான். அதனால எனக்கும் தெரியக் கூடாது. வாட்ச்மேன் அண்ணாச்சியைக் கூப்பிடுங்க, அவரு தட்டுகளை இடம் மாத்தி வைக்கட்டும்."

வாட்ச்மேன் கையைக் கழுவிவிட்டு வந்து, சாமி கும்பிட்டுவிட்டு மாற்றி வைத்தார்.

மேடத்தின் டப்பாவில் எலுமிச்சைச் சாதம். பாதி எனக்கு.

நவ. 18, செவ்வாய்

முதலில் நரம்பு. ஒரு தட்டில் நுனிகள் எல்லாம் மடங்கிக் குச்சி மாதிரி. இன்னொரு தட்டில் விரல் விரித்து, பரவி, அழகாக. எது எது என்று சீட்டுப் பார்க்காமலே தெரிகிறது. இதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

பிறகு வெள்ளணு. துளை போட்ட மெல்லிய சவ்வின் மேல் பக்கம் குப்பிப் புரதத்தோடு வெள்ளணு, கீழே அதை இழுக்கும் மருந்து. எத்தனை கடந்து வந்தன என்று எண்ண வேண்டும். மேடம் மைக்ராஸ்கோப்பில் எண்ண எண்ண நான் எழுதினேன். நடுவில் ஒரு மாணவி கையெழுத்து கேட்டு வந்தாள். எண்ணிக்கை தப்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பம். மேடம் அவளைத் திட்டிய திட்டில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சீட்டைப் பிரித்தோம்.

கொதிக்காதது: கொஞ்சமே கடந்திருக்கின்றன. கொதித்தது: நிறைய. ஆனால் ஒன்றுமே போடாத தட்டைவிடச் சற்றுக் குறைவு.

மேடம் அந்தத் தாளை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார். "கொஞ்சம் அழுக்கு இருக்கு, ரஹ்மத். நான் சொன்னது தப்பில்ல."

"சரி மேடம்."

"மிச்சம் நிஜம். வெள்ளணுவை நிறுத்துதது ஒங்க புரதம்தான். நீங்க சொன்னதும் தப்பில்ல."

அழுகை வந்தது. மேடம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முன்பு எழுதிய எண்ணிக்கையை இனிக் குறைத்து எழுத வேண்டும், அழுக்கைக் கழித்து. நான்காம் அத்தியாயம் சின்னதாகும். ஆனால் இருக்கும்.

நவ. 20, வியாழன்

இது வேறு எரிச்சல்.

ஸ்.சாரிடம் முடிவைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினார். "நான் அப்பவே நினைச்சேன் ரஹ்மத், இதுதான் ஒன் ஆய்வோட உயிர்நாடின்னு."

எதை நினைத்தார்! எப்போது!

இப்போது தலைப்பை மாற்ற வேண்டுமாம், 'நோய் எதிர்ப்பு' என்ற சொல் முன்னால் வர வேண்டுமாம். அந்த நேரம் மேடம் வந்தார். அப்படியானால் இணை வழிகாட்டி தம் துறையிலிருந்து இருக்க வேண்டும் என்றார். கோழி எங்கள் துறை என்றார் சார். வெள்ளணு எங்கள் துறை என்றார் மேடம். முட்டை யார் இன்குபேட்டரில் பொரிந்தது என்று கேட்டார். பொரியவே இல்லையே மேடம் என்றார் சார்.

"ரெண்டு பேரு பேரையும் போட்டுருதேன்" என்றேன். யார் பெயர் முதலில் என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அகர வரிசை என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடி வந்துவிட்டேன். வகுப்பில் நுழைந்த பிறகுதான் தமிழ் அகரவரிசையா, ஆங்கில அகரவரிசையா என்று அவர்கள் கேட்பார்கள் எனத் தோன்றியது. இரண்டிலும் மேடம்தான் முன்னால்.

நவ. 23, ஞாயிறு

நல்ல வெயில். மொட்டைமாடியெல்லாம் துணி.

லாத்தாவுக்கு முழங்கால் வடிந்துவிட்டது. மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் தடிப்பு. ரத்த முடிவு முன்பைவிடப் பரவாயில்லை, பழைய மாத்திரை முழுசாக வேலை செய்ய இன்னும் வாரங்கள் ஆகும் என்றார் டாக்டர். பேட்டைக்காரர் ஆள் விட்டுக் கேட்டாராம், ஏன் வரவில்லை என்று. லாத்தா என்ன பதில் அனுப்பினாள் என்று சொல்ல மறுக்கிறாள். சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு.

நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் மெஷினைத் திறந்து எண்ணெய் விட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"மூட்டை விட்டு நரம்பு வெலகிப் போயிரும்னியே. வீக்கம் வத்துனா அது திரும்பி வருமாளா?"

பேனா நின்றுவிட்டது. இரண்டு வாரமாக அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பாதிதான் கேட்டாள் என்று நான் நினைத்திருந்தேன்.

"தெரியல லாத்தா."

"ஒனக்குத் தெரியலையா, யாருக்குமே தெரியலையா?"

"எனக்குத் தெரியல. யாராவது பாத்திருக்காங்களான்னு தேடணும்."

"அப்பம் இத்தனை வருசமா கோழி முட்டையை ஒடச்சு ஒடச்சு என்னத்தளா பாத்துக்கிட்டு இருந்த?"

சுருக்கென்றது. நன்றாக நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அவள் ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நூல் நுனியை உதட்டில் ஈரம் செய்து, கோத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை தப்பியது. இரண்டாவதும். என்னைக் கூப்பிடவில்லை. நானும் எழுந்து போய்க் கோத்துக் கொடுக்கவில்லை.